அவுட்லுக் எச்சரிக்கைப் பெட்டி: மூலமும் உரையும்

காலையில் அவுட்லுக்கைத் திறந்ததும் திரையின் நடுவே வந்து நிற்கும் சிறு பெட்டிக்கு இதுவரை ஒரு பதவுரைகூட எழுதப்படவில்லை. நாலு வரி நடுகல்லுக்கு நாற்பது பக்கக் கட்டுரை எழுதும் அறிஞருலகம், அலுவலகத்தில் எல்லோரும் அன்றாடம் ஓதாமல் கடக்கும் இப்பனுவலைத் தீண்டாதது ஏன் என்று தெரியவில்லை. அக்குறை ஈண்டுக் களையப்படுகிறது.

எச்சரிக்கை நால்வகைப்படும். ‘படங்களைத் தடுத்து வைத்திருக்கிறேன்’ என்பது முதல் வகை. இதனால் விளையும் தீங்கு, கம்பெனி லோகோ தெரியாமை. ‘இந்த மெயில் வெளியாரிடமிருந்து வந்தது’ என்னும் மஞ்சள் பட்டை இரண்டாம் வகை. வருகிற மெயிலில் பாதிக்கு மேல் வெளியாரிடமிருந்தே வரும் அலுவலகங்களில் இது சுவர் நிறம் ஆகிவிட்டது. ஆராயத் தக்கவை மற்ற இரண்டே.

வேறொரு புரோகிராம் அவுட்லுக்கைத் தொடும்போது வரும் எச்சரிக்கை மூன்றாம் வகை. அதன் காலத்தை நிறுவுவது எளிது. ஆய்வாளனுக்கு இதைவிட ஏமாற்றம் வேறில்லை. இரண்டு நூற்றாண்டு முன்னே தள்ளவோ பின்னே இழுக்கவோ, இழுத்தவரைப் பிற அறிஞர் வசைபாடவோ இடமே இல்லை. 1999 மார்ச்சில் மெலிசா என்ற வைரஸ், ஒருவர் முகவரிப் பட்டியலின் முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்புடன் ஒரு மெயில் கிளம்பியது. அதன் இணைப்பு வெறும் எழுத்துக் கோப்புபோல் தோன்றும், கடைசியிலிருந்த ‘.விபிஎஸ்’ என்ற வாலை விண்டோஸ் நாகரிகம் கருதி மறைத்துவிடும். திறந்தவர் முகவரிப் பட்டியலில் இருந்த மேனேஜர், வாடிக்கையாளர், பழைய சம்பந்தி வரை அத்தனை பேருக்கும் அதே காதல் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் ஒரு பூட்டைப் போட்டது. வேறொரு புரோகிராம் அவுட்லுக்கின் முகவரிகளைத் தொட்டால் பெட்டி வந்து கேட்கும்: விடலாமா? விடுவதானால் ஒரு நிமிடமா, இரண்டா, ஐந்தா, பத்தா? அந்தப் புரோகிராம் மெயிலே அனுப்ப முயன்றால் ‘எஸ்’ பொத்தான் ஐந்து வினாடி செத்துக் கிடக்கும். அந்த ஐந்து வினாடியில் மனிதன் சிந்திப்பான் என்பது நூலாசிரியர் கருத்து. சிந்தித்தமைக்குக் கல்வெட்டு, செப்பேடு, வாய்மொழி ஆகிய எவ்வகைச் சான்றும் இல்லை.

500 பேருக்கு மெயில் மெர்ஜ் போடுகிற ஒருவரை எண்ணிப் பார்க்க. கடிதத்துக்கு ஐந்து வினாடி என்றால் 2,500 வினாடி. நாற்பத்தொன்றரை நிமிடத்துக்கு மேல் ‘எஸ்’, ‘எஸ்’ என்று அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இடர் தீர்க்க ‘கிளிக்யெஸ்’ என்றே பெயர் சூடிய மென்பொருள் ஒன்று தோன்றியது. பெட்டி வந்தால் அதுவே ‘எஸ்’ அமுக்கிவிடும். புரோகிராமைத் தடுக்க வைத்த காவலிடம், மனிதனுக்காகப் புரோகிராமே போய் நின்று ‘நான் மனிதன்தான்’ என்று சொன்ன இந்நிகழ்ச்சி உலக இலக்கியத்தில் வேறெங்கும் இல்லை என்றே துணிகிறோம். (துணிவது எம் துறையில் செலவில்லாத காரியம்.)

அவுட்லுக் 2007 முதல், கணினியில் ஆன்டிவைரஸ் உயிரோடும் புதுப்பித்த நிலையிலும் இருந்தால் இப்பெட்டி வாய் திறப்பதில்லை. ஆகவே இன்று இது வந்தால் ஐயுறத்தக்கது முதலில் ஆன்டிவைரஸே என்க. டிரஸ்ட் சென்டருக்குள் போய் ‘ஒருபோதும் எச்சரிக்காதே’ என்று மாற்றிவிடுவோரும் உளர். அட்மினாகத் திறக்காதவர்களுக்கு அந்தப் பக்கம் சாம்பல் பூத்திருக்கும், அவர்கள் பாக்கியசாலிகள்.

இனி நான்காம் வகை, சர்ட்டிஃபிகேட் எச்சரிக்கை. மூன்றே வரிச் சூத்திரம். சான்றளித்தவர் நம்பத் தக்கவர், பச்சைக் குறி. தேதி சரி, பச்சைக் குறி. சான்றிதழில் உள்ள பெயரும் தளத்தின் பெயரும் ஒத்துவரவில்லை, அபாயக் குறி. கீழே ‘எஸ்’, ‘நோ’, ‘வியூ சர்ட்டிஃபிகேட்’.

உரை வேறுபாடுகள் இங்கேதான் பெருகுகின்றன. அக்கவுண்ட்ஸ் உரையாசிரியர் ‘எஸ் குடுக்கவும்’ என்பார் (மஞ்சள் ஒட்டுச்சீட்டு, மானிட்டர் வலது ஓரம், வரி 2). இரண்டாம் வரியின் ‘சரி’யை எடுத்து மூன்றாம் வரியின் ‘பெயர்’மேல் ஏற்றி, ‘பெயர் சரி’ என்று பொருள் காண்கிறார். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டும் உரிமையை நச்சினார்க்கினியருக்குக் கொடுத்த நாம் அக்கவுண்ட்ஸுக்கு மறுப்பது முறையன்று.

ஹெச்ஆர் பள்ளி இதை மறுத்து ‘நோ’ என்னும் (அதே தளம், ஜன்னலோர மேசை, கண்ணாடிக்கு அடியில் செருகிய சீட்டு, டீக்கறை படிந்த இரண்டு எழுத்து எம் ஊகம்). இவர்களுக்குப் பெட்டி சற்று நேரத்தில் மறுபிறவி எடுக்கும். ஸ்டோர்ஸ் மரபினர் இரண்டும் வேண்டாமென்று மூலையிலுள்ள பெருக்கல் குறியை அமுக்குவர் (ஸ்டோர்ஸ் பீரோ, உட்கதவு, பழைய தினசரிக் காலண்டர் அட்டையின் பின்புறம், பென்சில், கீபோர்டுக்கு அடியில் கிடைத்த இரண்டாம் பிரதியோடு ஒப்பு நோக்கியதில் பாடபேதம் ஒன்றே, முதலில் எழுதியுள்ள பாஸ்வேர்டு மட்டும் வேறு). சீட்டின் தலையில் பாஸ்வேர்டைப் பாயிரமாக எழுதுவது மூன்று பள்ளிக்கும் பொது.

ஐடி சப்போர்ட்டாரின் உரை ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?’ என்னும் ஒற்றை வினா. வினாவே விடையாதலின் பதவுரை வேண்டா.

மெய்ப்பொருள் யாதெனின்: மெயில் முகவரியைக் கொடுத்ததும், செட்டிங் எங்கே இருக்கிறது என்று அவுட்லுக் தானே தேடும். ‘ஆட்டோடிஸ்கவர்’ என்று தொடங்கும் முகவரிக்குப் போகுமுன், கம்பெனியின் வெறும் டொமைன் பெயரைத் தட்டிப் பார்க்கும். அங்கே இருப்பது பெரும்பாலும் வெப்சைட். அதுவும் ஏதோ ஒரு ஹோஸ்டிங்காரரிடம் நூறு கடைகளோடு ஒண்டுக்குடித்தனம். கதவைத் திறப்பவர் ஹோஸ்டிங்காரர் பெயருள்ள சான்றிதழை நீட்டுகிறார். பெயர் ஒவ்வாமை இதனால் பிறந்தது. டிஎன்எஸ்ஸிலோ சான்றிதழிலோ ஒருவர் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். ரீஸ்டார்ட்டுக்கு இதில் பங்கில்லை. மூன்றாம் வரிக்குப் பதில் தேதி வரியில் குறி விழுந்தால் மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்து, கணினி பழைய ஆண்டுக்குப் போய்விட்டதா என்று பார்க்க.

‘வியூ சர்ட்டிஃபிகேட்’ அமுக்கியவரைத் தேடிக் கள ஆய்வு செய்ததில் ஒருவர் அகப்பட்டார். உள்ளே ‘இன்ஸ்டால்’ என்று இருந்ததால் அதையும் அமுக்கினாராம். நம்பிக்கை கூடியது, பெயர் அப்படியே இருந்தது, பெட்டி மறுநாளும் வந்தது.

இவ்வளவையும் ஓதாமல் ‘எஸ்’ அமுக்குவோர் மடையர் அல்லர். பயனருக்கு எதிர்ப்படும் சர்ட்டிஃபிகேட் எச்சரிக்கை ஏறத்தாழ எல்லாமே பொய்யலாரம்தான். ஆகவே அதைப் பொருட்படுத்தாதவன் கணக்குத் தெரிந்தவன் என்று 2009இல் எழுதியவர் கார்மக் ஹெர்லி. அவர் இருந்தது மைக்ரோசாஃப்டின் ஆய்வுக்கூடம்.

துறையின் எதிர்காலம் ஒளிமயமானது. 398 நாளாக இருந்த சர்ட்டிஃபிகேட் ஆயுளின் உச்சவரம்பு 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027இல் 100, 2029 மார்ச்சில் 47 எனக் குறையும்படி விதி செய்திருக்கிறார்கள். புதுப்பிக்க மறப்பதற்கான வாய்ப்பு ஆண்டுக்கு ஒன்று என்பது ஒன்றரை மாதத்துக்கு ஒன்றாகப் பெருகும். மூன்று முனைவர் பட்டத்துக்குப் போதிய தரவு. நெறியாளர் ஒருவர் இப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். தலைப்பு எழுதும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.