கனடா பருப்பு

சஸ்காட்டூன்,
ஜனவரி, ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். வெளியே மைனஸ் 31. அதனால நலம்னா வீட்டுக்குள்ளே நலம்னு வச்சுக்கோ. அப்பாவுக்கும் தம்பிக்கும் என் அன்பு. இந்தக் கடிதத்தைத் தம்பியை விட்டுப் படிக்கச் சொல்லாதே, நடுநடுவே அவன் சொந்தச் சரக்கைச் சேர்ப்பான். கண்ணாடி டிவி மேல இருக்கும், எடுத்துப் போட்டுக்கோ.

இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா நேத்து நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல ஆரம்பிச்சதும் பால்காரர் வந்தார், பின்னாடியே சிலிண்டர் வந்துது, அதுக்குள்ளே நீ சின்னத்தை வீட்டு வளைகாப்புக்குப் போயிட்டே. எனக்கு ராத்திரி எட்டுன்னா உனக்குக் காலை ஏழரை. அந்த ஏழரையில உன்னைப் பிடிச்சு ஒரு விஷயத்தை முழுசாச் சொல்லி முடிச்சவங்க நம்ம வம்சத்துலேயே கிடையாது.

கேள்வி இதுதான்: "ஏண்டி, பருப்புக்கு எத்தனை விசில் விட்டே?"

அம்மா, என் குக்கர் விசில் அடிக்காது.

இது கரண்ட்ல வேலை செய்யுற பிரஷர் குக்கர். தள்ளுபடியில கிடைச்சுதுன்னு வாங்கினேன். முன்பக்கம் பூரா பட்டன். சாதத்துக்கு ஒண்ணு, சூப்புக்கு ஒண்ணு, கஞ்சிக்கு ஒண்ணு, முட்டைக்கு ஒண்ணு, தயிருக்குக்கூட ஒண்ணு. தயிர் உறையறதுக்கு மிஷின் வேணும்னு நினைச்ச மனுஷன் நம்ம ஊர்ப் பக்கம் வந்ததே இல்ல போல. பருப்புக்கு மட்டும் பட்டன் கிடையாது. சூப்புன்னு பொய் சொல்லித்தான் பருப்பை உள்ளே அனுப்பணும்.

பட்டனை அழுத்தினா 'ஆன்'னு எழுத்து வரும். அதோட சரி. பத்து நிமிஷமானாலும் அதே 'ஆன்', கால் மணியானாலும் அதே 'ஆன்'. உள்ளே தண்ணி கொதிக்குதா, இல்ல அது வேற ஏதாவது யோசனையில இருக்கான்னு தெரியாது. அப்புறம் திடீர்னு 12-ன்னு வரும், 11, 10-ன்னு இறங்கும். எல்லாம் முடிஞ்சதும், பக்கத்து ரூம்ல யாரும் முழிச்சுடக் கூடாதேன்னு பயந்துக்கிட்டு 'கீக் கீக்'னு ஒரு சத்தம்.

வீடியோல உனக்குக் காட்டினேனே, ஞாபகம் இருக்கா? போனைக் குக்கர் பக்கத்துல வச்சேன். நீ காதைக் கொடுத்துக் கேட்டுட்டு, "சத்தமே வரலையே, கரண்ட் இருக்கான்னு பாருடி"ன்னே. அப்பா பின்னாலிருந்து, "வால்வுல பருப்பு அடைச்சிருக்கும், அவளைத் தள்ளி நிக்கச் சொல்லு"ன்னார். மன்னார்குடியிலேருந்து முதலுதவி.

பெரிய சிக்கல் என்னன்னா, உன் சமையல் முழுக்க விசில் கணக்கு. துவரம்பருப்புக்கு நாலு, உருளைக்கிழங்குக்கு ரெண்டு, கொண்டைக்கடலைக்கு ஆறு. கிளம்புற அன்னைக்கு நீ சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு வந்த நோட்டுல நிமிஷங்கிற பேச்சே கிடையாது. ஒரு விசிலுக்கு எத்தனை நிமிஷம்னு தம்பிகிட்டே கேட்டேன், இன்ஜினீயராச்சேன்னு. அது தீயைப் பொறுத்தது, தண்ணியைப் பொறுத்தது, குக்கர் அளவைப் பொறுத்தது, வெயிட்டைப் பொறுத்ததுன்னு நீளமா ஒரு மெசேஜ் அனுப்பி, கடைசியில 'அம்மாவைக் கேளு'ன்னு முடிச்சிருந்தான். நாலு வருஷம் ஃபீஸ் கட்டினதுக்கு அப்பா சந்தோஷப்படலாம்.

அதுவும் நம்ம வீட்டுல முழு விசில், அரை விசில்னு ரகம் வேற. "நாலாவது வந்தா அணைச்சிடுங்க"ன்னு சொல்லிட்டு நீ குளிக்கப் போயிடுவே. மூணுக்கு அப்புறம் 'புஸ்'ஸுன்னு ஒண்ணு வரும். அது கணக்குல சேருமா சேராதான்னு நானும் தம்பியும் அடிச்சுக்கிட்டு முடிக்கிறதுக்குள்ளே அஞ்சாவது வந்துடும். ஈரத்தலையோட ஓடி வந்து ரெண்டு பேர் முதுகுலயும் வைப்பே. இந்த மிஷின்கிட்டே சண்டைக்கே இடமில்ல. பருப்பு கொஞ்சம் கெட்டியாகிட்டா மட்டும் 'தீய்கிறது'ன்னு எழுத்துக் காட்டும். அதுவும் அடியில பிடிச்ச பிறகுதான். தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி, தேதி முடிஞ்சாத்தான் கைக்கு வரும்.

அதனால அதைக் கழுவித் துடைச்சு ஃப்ரிட்ஜ் மேல ஏத்திட்டேன். இப்போ பருப்பு வைக்கிறது சாதாரணப் பாத்திரத்துல. "வேகவே வேகாதே"ன்னு ஆரம்பிக்காதே. இது துவரை இல்ல, மைசூர் பருப்பு. உடைச்ச பருப்பு, தோலும் கிடையாது, ஊறவைக்கவும் வேண்டாம்.

ஒரு கப் பருப்பு, மூணு கப் தண்ணி, மஞ்சள்தூள், தட்டின பூண்டு ரெண்டு பல். கொதி வந்ததும் நுரை கட்டிக்கிட்டு மேலே ஏறும். அதை வழிச்சுப் போட்டுட்டு, தீயைக் குறைச்சு, மூடியை ஒருக்களிச்சு வச்சா கால் மணியிலேருந்து இருபது நிமிஷத்துக்குள்ளே குழைஞ்சுடும். போடும்போது ஆரஞ்சு நிறம், வேக வேக மஞ்சள். மத்து வேண்டாம், கரண்டி முதுகால ரெண்டு அழுத்து போதும். தக்காளி பருப்பு வெந்த பிறகுதான். புளிப்பு முன்னாடி விழுந்தா பருப்பு முரண்டு பிடிக்கும்னு நீ சொல்றது இங்கேயும் செல்லுது. கடைசியில உறைஞ்ச கீரைக் கட்டியில ஒரு துண்டு, உப்பு, இறக்கின பிறகு எலுமிச்சம்பழம். எலுமிச்சை சேர்ந்தா பருப்புலயும் கீரையிலயும் இருக்கிற இரும்புச்சத்து உடம்புல நல்லாச் சேருமாம். எனக்கு ரத்தம் குறைச்சல்னு கேட்டதிலேருந்து பேரீச்சம்பழம், பேரீச்சம்பழம்னு நீ போடுற கூச்சலுக்கு இதுதான் பதில். வேலை விட்டு வந்ததும் இதை அடுப்புல ஏத்திட்டா, கோட்டு, பனி பூட்ஸ், கையுறை, தொப்பின்னு எல்லாத்தையும் உரிச்சுப் போட்டு நிமிர்றதுக்குள்ளே பாதிப் பருப்பு வெந்துடுது.

தாளிக்கிறதுதான் தகராறு. அடுப்புக்கு மேல ஒரு ஃபேன் இருக்கு. புகையை உள்ளே இழுக்கும், வெளியே விடாது. ஒரு சல்லடை வழியா வடிகட்டி நம்ம முகத்துலேயே திருப்பி ஊதும். ஜன்னலைத் திறக்கலாம்னா மைனஸ் 31. அதனால தாளிக்கிறதுக்கு முன்னாடி கோட்டையெல்லாம் பெட்ரூம்ல போட்டுக் கதவைச் சாத்திட்டு, கதவடியில துண்டைச் சுருட்டி வச்சுட்டுத்தான் கடுகைக் கையில எடுப்பேன். அப்படியும் ஒட்டிக்கும். லிப்ட்ல ஏறினா மூணாவது மாடிக்காரர், "இன்னைக்கு என்ன சமையல்?"னு கேட்கிறார். அன்பாத்தான் கேட்கிறார். எனக்குத்தான் கீழே போய்ச் சேர்ற வரைக்கும் எங்கே பார்க்கிறதுன்னு தெரியல.

கறிவேப்பிலையைப் பத்திப் பேசவே வேண்டாம். நம்ம மார்க்கெட்ல கொத்தமல்லியோட சும்மா சொருகிக் கொடுக்கிறதை இங்கே பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு விலை ஒட்டி வச்சிருக்கான். காம்பும் எடையில சேர்த்தி. நீ அடுப்படி ஜன்னல் வழியா கையை நீட்டி ஒரு கிளையையே ஒடிக்கிறதை நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மைசூர் பருப்புன்னு நான் சொன்னதும், "ரேஷன்ல போடுவானே, கனடா பருப்பு, அந்த வகையறாதானே?"ன்னு கேட்டே பாரு. நீ மூக்கைச் சுளிச்சது போன்லயே தெரிஞ்சுது.

ஆமாம், அதே வகையறாதான். அண்ணன் தம்பின்னே சொல்லலாம். 2007-ல ரேஷன்ல பருப்பும் பாமாயிலும் போட ஆரம்பிச்சாங்களே, சில மாசம் துவரை வரும், சில மாசம் கனடா மஞ்சள் பருப்பு வரும். 30 ரூபாய்ப் பருப்புக்கு நானும் தம்பியும் மாத்தி மாத்தி வரிசையில நிப்போம். நீ பையைப் பிரிச்சுப் பார்த்துட்டு, "சாம்பார்ல வாசனையே நிக்காதுடி"ன்னு சொல்லி, நம்ம துவரையோட பாதிப் பாதி கலப்பே. மிச்சத்தைப் பால்காரர் வீட்டுக்கு அனுப்பிடுவே. அப்பா முதல் வாய்லயே கண்டுபிடிச்சுடுவார்.

அது எங்கே விளையுதுன்னு நினைச்சே? இங்கேதான். இந்த சஸ்காச்சுவான் மாகாணத்துல. கனடாவுல விளையுற இந்தப் பருப்புல முக்கால்வாசிக்கு மேல இந்த ஒரே மாகாணத்துதான். எனக்கு இந்த ஊருக்குள்ளே வர பாயிண்ட் கணக்கு, இங்கிலீஷ் பரீட்சை, போலீஸ் சர்டிபிகேட், மார்பு எக்ஸ்ரேன்னு என்னென்னவோ வேண்டியிருந்துது. அந்தப் பருப்பு ஒரே ஒரு ரேஷன் கார்டை வச்சு நம்ம அடுப்படி வரைக்கும் வந்துடுச்சு. நீதான் உள்ளே விடல.

ஆகஸ்ட் மாசம் ஆபீஸ் தோழி ஒருத்தி அவ அப்பாவோட பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனா. ரோஸ்டவுன் பக்கம், கார்ல ஒரு மணி நேரத்துக்கு மேல. வழியில ஒரு மேடு கிடையாது, ஒரு வளைவு கிடையாது. நம்ம டெல்டாவுல வாய்க்காலையும் தென்னையையும் எடுத்துட்டா எப்படியோ அப்படி. செடி முழங்கால் உயரம்கூட இல்ல. காயைப் பிரிச்சா உள்ளே ஒண்ணோ ரெண்டோதான் பருப்பு. இவ்வளவு கஞ்சமா காய்க்கிறதை வச்சு எப்படி ஊருக்கெல்லாம் அனுப்புறாங்கன்னு நினைச்சேன். வயல் எங்கே முடியுதுன்னு பார்த்த பிறகு அந்தச் சந்தேகம் போயிடுச்சு, முடியவே இல்ல.

உனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு பார்த்தேன். செடி குட்டைங்கிறதால அறுவடை மிஷின் மண்ணை உரசிக்கிட்டுத்தான் போகணும். கல் மாட்டினா மிஷின் காலி. அதனால விதைச்ச கையோட ஒரு பெரிய உருளையை நிலம் பூரா உருட்டி, கல்லையெல்லாம் மண்ணுக்குள்ளே அமுக்கிடுறாங்க. பண்ணைக்குள்ளேயே அந்த உருளை நின்னுது, நம்ம கூடத்தை விட அகலம். நீ முறத்துல பண்ற வேலைக்கு இங்கே டிராக்டர் போட்டு இழுக்கிறாங்க. இவ்வளவு பண்ணியும் உன் கண்ணுக்கு ஒரு கல் தட்டுப்படத்தான் போகுது, அது வேற விஷயம்.

தோழியோட அப்பா விவரமான மனுஷர். 1970-ஐ ஒட்டி இங்கே கோதுமை விலை போகாம குவிஞ்சு கிடந்துதாம். அப்போ சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆல் ஸ்லிங்கார்டுங்கிற விஞ்ஞானிதான் இந்தப் பருப்பைக் கையில எடுத்து, 1978-ல 'லேர்ட்'னு ஒரு ரகத்தைக் கொண்டு வந்தாராம். மேலே பச்சைத் தோல், உரிச்சா உள்ளே மஞ்சள். இது பயறு ஜாதிங்கிறதால காத்துல இருக்கிற நைட்ரஜனை வேர்ல பிடிச்சு வச்சுக்கும், நிலத்துக்கும் நல்லதுன்னார். விதை, மழை, பூச்சி, சந்தை, எல்லாம் அத்துப்படி. அவருக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான்: அதைச் சாப்பிடுறது எப்படின்னு. "ரயில்ல ஏத்தித் துறைமுகத்துக்கு அனுப்பிடுவோம், அதுக்கப்புறம் என்ன ஆகுதுன்னு தெரியாது"ன்னார். அதுக்கப்புறம் எனக்குத் தெரியும்னேன். பால்காரர் கதையை மட்டும் சொல்லல.

அன்னைக்கு ராத்திரி அவங்க வீட்டு அடுப்புல நான்தான் பருப்பு வச்சேன். கடுகு வெடிச்ச சத்தத்துல அவங்க நாய் வெளியே ஓடிடுச்சு. பெரியவர் முதல்ல ஒரு ஸ்பூன் எடுத்து ரொம்ப நேரம் யோசிச்சார். அப்புறம் ரொட்டியைக் கிழிச்சுத் தொட்டுக்கிட்டு, கேட்டுக் கேட்டு ஊத்திக்கிட்டார். கறிவேப்பிலையை ஒவ்வொண்ணா எடுத்துத் தட்டு ஓரத்துல வரிசையா அடுக்கி வச்சார், நம்ம தம்பி பண்ற அதே காரியம். தோழி உடனே போனை எடுத்து, நூறு கிராம் பருப்புல சுமார் 24 கிராம் புரதம்னு படிச்சுக் காட்டினா. பத்தியச் சாப்பாடுன்னு நாம ஒதுக்குறதை அவ ஜிம்முக்குப் போறவங்க சாப்பாடுன்னு சொல்றா. அவ அம்மா ஒரு அட்டையில செய்முறை எழுதி வாங்கிக்கிட்டாங்க. நம்ம வீட்டுச் சமையலை முதல் தடவையா நிமிஷக் கணக்குல சொல்லிக் கொடுத்தது நான்தான், அம்மா. இதை நீ சின்னத்தைகிட்டே சொல்லிக்கலாம்.

"நீயும் உட்காரும்மா"ன்னு அந்த அம்மா எத்தனையோ தடவை சொன்னாங்க. நான் கரண்டியோட அடுப்புப் பக்கத்துலேயே நின்னுட்டேன். யாருக்குத் தீர்ந்துதுன்னு பார்த்துக்கிட்டு நிக்கிறது நல்லாத்தான் இருந்துது. இங்கே என் ரூம்ல ஒரு கப் பருப்பு வச்சா மூணு நாளைக்கு வருது. ரெண்டாம் நாள் ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்தா கத்தியால வெட்டலாம், வெந்நீர் ஊத்திக் கெஞ்சணும். அரைக் கப் வச்சுப் பார்த்தேன், பாத்திரத்துல பாதி காலியா இருக்கிறதைப் பார்க்கப் பிடிக்கல. மறுபடியும் ஒரு கப்தான்.

பிப்ரவரியில மாமாவோட சிநேகிதர் யாரோ டொராண்டோ வர்றாராமே. வெங்காய வடகம் கொஞ்சம் கொடுத்து விடு. டொராண்டோவுக்கும் எனக்கும் நடுவே விமானத்துலேயே மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஆனா அவர் தபால்ல போட்டா வந்துடும். போன தடவை மாதிரி நாலு ஊறுகாய் பாட்டிலைத் திணிச்சு, அவர் சட்டையெல்லாம் எண்ணெயாக்கி, மாமாவைப் பேச வைக்காதே.

இன்னொண்ணு. பெரியவர் அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்றார். நெல்லு எப்படி நடுறோம்னு அப்பாகிட்டே கேட்கணுமாம். அப்பா வயல்ல இறங்கினதே இல்லன்னு நான் சொல்லல, வந்து அவரே சமாளிச்சுக்கட்டும். மே மாசம் விதைப்பு, ஆனா குளிர் விட்டிருக்காது, உங்களுக்குத் தாங்காது. ஆகஸ்ட்ல வாங்க. அப்பா பாஸ்போர்ட் முடியப்போகுது, இந்த மாசமே புதுப்பிக்கச் சொல்லு. போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாதுன்னு சொல்வாங்க. அது ஒண்ணும் அவருக்குக் கஷ்டமா இருக்காது.

இப்படிக்கு,
உன் அன்பு மகள்