டெய்லர் ஜீன்ஸ்

உலகின் முதல் ஜீன்ஸைத் தைத்தவர் ஒரு சாதாரண டெய்லர். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோவில் ஜேக்கப் டேவிஸ் என்பவர் தையற்கடை வைத்திருந்தார். விறகு வெட்டும் கணவருக்குச் சீக்கிரம் கிழியாத பேன்ட் வேண்டும் என்று ஒரு பெண்மணி வந்து கேட்டார். டேவிஸ் பாக்கெட் முனைகளில் செம்பு ரிவெட் அடித்துக் கொடுத்தார். அவருக்குத் துணி சப்ளை செய்த மொத்த வியாபாரி லிவை ஸ்ட்ராஸ். இருவரும் சேர்ந்து 1873 மே 20ஆம் தேதி காப்புரிமை வாங்கினார்கள். தைத்தவரை உலகம் மறந்துவிட்டது. துணி விற்றவரின் பெயர் இன்றும் இடுப்புக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதை 1995இல் மதுரையில் எங்களுக்குத் தெரிந்திருந்தால், 'டெய்லர் ஜீன்ஸ்' என்ற கேலிக்கு அவ்வளவு கூசியிருக்க மாட்டோம். அன்று கல்லூரியில் இருந்ததே இரண்டு சாதிதான். ரெடிமேட் ஜீன்ஸ் போட்டவர்கள் ஒன்று, தைத்த ஜீன்ஸ் போட்டவர்கள் இன்னொன்று. அந்த வருடம்தான் அரவிந்த் மில்ஸ் 'ரஃப் அண்ட் டஃப்' என்று ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தது. டெனிம் துணி, ஜிப், ரிவெட், பின்னால் வைக்கிற பட்டை எல்லாம் உள்ளேயே இருக்கும். விலை 195 ரூபாய். ரெடிமேட் வாங்க வக்கில்லாதவன் அதை வாங்கி உள்ளூர் டெய்லரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். பட்டை கம்பெனியுடையது, தையல் தெருவுடையது. சட்டையை வெளியே விட்டு மறைத்தால் போதும், சாதி மாறிவிடலாம் என்று நம்பினோம்.

எங்கள் மாஸ்டர் புதுமண்டபத்தில் இருந்தார். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. சித்திரை மாதம் அழகர் திருவிழா வேஷத்துக்கு உடுப்பு தைக்கிற அதே கைதான் மற்ற மாதங்களில் எங்களுக்கு ஜீன்ஸ் தைத்தது. அளவு எடுப்பதே ஒரு சடங்கு. டேப்பை வீசிப் பிடித்து, "இடுப்பு இருபத்தெட்டு, சீட் முப்பத்தாறு, பாட்டம் பதினாறு" என்று அவர் ராகம் போட, காஜா எடுக்கிற பையன் நோட்டில் குறிப்பான். துணியில் ஒரு துண்டு கத்தரித்து அந்தப் பக்கத்திலேயே பின் குத்தி வைப்பார்கள். அப்பா பக்கத்தில் நின்று, "வளர்ற பையன் மாஸ்டர், உள்ள துணி விட்டுத் தைங்க" என்பார். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிப்பவன் இனி எந்தப் பக்கம் வளர்வான் என்று மாஸ்டரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

டெனிமுக்கென்று தனி நூல் அவரிடம் கிடையாது. இரண்டு சாதா நூலைச் சேர்த்து ஒரே ஊசிக் காதில் கோத்து மேல்தையல் போடுவார். நாலைந்து மடிப்பு ஒன்றுகூடும் இடத்தில் மெஷின் திணறினால், கத்திரியின் கைப்பிடியால் துணியை நாலு தட்டு தட்டிப் படியவைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றித் தாண்டிவிடுவார். பழைய இரும்பு மெஷின், மறுபேச்சு பேசாது. காலடியில் உள்ளே மடித்து விட்ட துணியை வருடா வருடம் பிரிப்போம். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று, அதற்குக் கீழே புதுநீலம். அந்தக் கோட்டைப் பார்த்தே வீட்டு வருமானத்தைச் சொல்லிவிடலாம். இப்போது அதையே வேண்டுமென்று செய்து, கூடுதல் விலை போட்டு விற்கிறார்கள். முட்டிக் கிழிசலைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

இன்று என் மகள் சம்பாதிக்கிறாள். எந்தக் கடையிலும் எந்த ஜீன்ஸும் வாங்கலாம். வாங்கியும் பார்த்தாள். "இடுப்பு சரியா இருந்தா தொடை பிடிக்குதுப்பா. தொடை சரியா இருந்தா இடுப்புக்குப் பின்னாடி ஒரு கையே போகுது" என்றாள். கடைக்காரர்கள் கருணை உள்ளவர்கள். 32 என்று பட்டையில் போட்டிருக்கும். டேப் வைத்தால் 34 வரும். ஊரே பெருத்தாலும் யார் மனமும் நோகாதபடி எண்ணை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேல் லைக்ரா. இழுத்தால் வருகிற துணி வந்த நாளிலிருந்து வெட்டுகிறவர்களின் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது.

லைக்ரா வேண்டாம், தானே தைப்பேன் என்று இறங்கினாள். ஜப்பானில் பழைய தறியில் நெய்த, கரையோடு கூடிய டெனிம் வந்தது. அதில் ஒரு மீட்டர் விலைக்கு அன்று எங்கள் பெஞ்சுக்கே ரஃப் அண்ட் டஃப் வாங்கியிருக்கலாம். மாஸ்டர் துணியின் கரையை உள்பக்கம் ஒளித்துத் தைத்தது ஓவர்லாக் செலவு மிச்சம் என்பதற்காக. இவள் காலை மடித்துவிட்டு அந்தக் கரையின் சிவப்புக் கோட்டை ஊருக்கே காட்டுகிறாள். ஜீன்ஸ் ஊசி 16ஆம் நம்பர், மேல்தையலுக்குத் தடித்த ஆரஞ்சு நூல், மடிப்பைத் தட்ட ஒரு சுத்தியல். புது மெஷினுக்கோ உடம்பெல்லாம் பிளாஸ்டிக். பின்பக்க யோக்கும் நடுத்தையலும் சந்திக்கும் இடத்தில் முனகிக்கொண்டு நின்றுவிடும். பிரஸ்ஸர் ஃபுட்டுக்குப் பின்னால் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தால்தான் நகரும்.

டெனிமில் கத்திரி வைப்பதற்கு முன் பழைய பெட்ஷீட்டில் ஒன்று தைத்துப் பார்த்தாள். நின்றால் அழகாக இருந்தது. உட்கார்ந்தால் பின்னிடுப்பு இறங்கி வாயைப் பிளந்தது. முன்னால் தொடைச்சந்தில் சுருக்கங்கள் விசிறி மாதிரி விரிந்தன. பக்கத் தையலைப் பிரித்துப் பிரித்து விட்டதில் தொடைதான் தொளதொளத்தது. சரி, மாஸ்டரிடமே போவோம் என்று கூட்டிப் போனேன். புதுமண்டபக் கடைகளை இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவரும் அங்கே இருந்தார். பெட்ஷீட் பேன்ட்டைத் தலைகீழாகத் திருப்பி, சீட் தையலை விரலால் ஒருமுறை தடவினார்.

"பக்கத்துல பிரிச்சா என்னம்மா ஆகும்? கொறை நடுவுல இருக்கு. பின்னால இடுப்புகிட்ட உயரம் கூட்டு. சீட் வளைவை நல்லா இறக்கி வெட்டு. நின்னு பாக்காத, தரையில சப்பணம் போட்டு உக்காந்து பாரு."

அவர் சொன்னபடி வெட்டியதும் சுருக்கங்கள் போய்விட்டன. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "மாஸ்டர், இவ்வளவு தெரிஞ்சவரு அன்னைக்கு எனக்கு மட்டும் ஏன் சாக்கு மாதிரி தைச்சீங்க?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு யாரு தம்பி ட்ரையல் பாத்தீங்க? தீபாவளிக்கு மொத நா ராத்திரி வந்து பறிச்சுக்கிட்டு ஓடுனீங்க. உங்க அப்பாரு வேற உள்ள துணி விடு, உள்ள துணி விடுன்னாரு. நானும் விட்டேன்."

நியாயம்தான். அன்று அளவு எடுக்க ஆள் இருந்தார். போட்டுப் பார்க்க எங்களுக்குப் பொறுமை இல்லை. இன்று கடைக்குக் கடை ட்ரையல் ரூம் இருக்கிறது, ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. அளவு எடுக்கத்தான் ஆள் இல்லை.

வீட்டில் ஜீன்ஸ் தைக்க இறங்குகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான். துணியை நன்றாகத் துவைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்கவிட்டு, அப்புறம் வெட்டுங்கள். பழைய துணியில் ஒன்று தைத்துப் போட்டு, தரையில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். இடிக்கிற இடம் பக்கத்தில் இல்லை, சீட்டில் இருக்கிறது. உங்கள் தெருவில் இன்னும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.