டம்ளர் தோப்பு

"வெடிச்சுடுத்து, வந்து பாருங்கோ!" என்று குரல் கேட்டால், வெடித்தது என்ன என்று எங்கள் ஸ்ரீரங்கத் தெருவில் யாரும் கேட்கமாட்டார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடையைக் கட்டுவார்கள். பட்டர் ஃப்ரூட் மாமாவுக்கு இன்னொரு விதை பிளந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

மாட்டிக்கொண்டால் முதலில் வருவது காபி இல்லை, கண்ணாடி டம்ளர். விதையின் இடுப்பில் நான்கு பல் குத்தும் குச்சிகள்; பெருத்த பக்கம் தண்ணீரில், கூரான பக்கம் மேலே.

"என்ன தெரியறது?"

"விதை, மாமா."

"நன்னாப் பாருங்கோ."

"தண்ணி."

"அட, வெடிப்பு தெரியலையா?"

தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுப்பார். டார்ச் அடிப்பார். நாம் போடும் 'ஆஹா' அவருக்குத் திருப்தியாக இருந்தால்தான் சமையலறைப் பக்கம் திரும்பி, "ரெண்டு காபி" என்று சொல்வார். வேர் எட்டிப் பார்க்கும்போது ஓர் ஆஹா, முளைக்கு ஒன்று, முதல் இலைக்கு ஒன்று. ஜன்னலோரம் டம்ளர்கள் வரிசையாக நிற்பதால் சாகுபடிக்கு இடைவெளியே கிடையாது.

அமாவாசையன்று இன்னும் நாலு வீடு பாக்கி வைத்திருந்த வாத்தியார் பார்த்திருக்கிறார். சிலிண்டர் போட வந்தவர், தோளில் சிலிண்டரோடு பார்த்திருக்கிறார். வைகுண்ட ஏகாதசிக்கு வந்த கோயம்புத்தூர் உறவினர்கள், பரமபத வாசலுக்கு முன்னால் இந்த வெடிப்பைத்தான் சேவித்தார்கள். ஒருநாள் கொசுப்புழு பார்க்கும் பெண்மணி வந்தார். டெங்கு கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில்தான். இத்தனை டம்ளர்களை ஒரே ஜன்னலில் பார்த்ததும் அவர் நோட்டைத் திறந்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு. மாமா டார்ச்சை எடுத்தார். கால் மணி நேரம் கழித்து அந்த அம்மாள், "அடிக்கடி தண்ணிய மாத்துங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தபோது கையில் ஒரு விதை இருந்தது.

மாமா தபால் துறையில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கலிபோர்னியாவில் 1926ல் ருடால்ஃப் ஹாஸ் என்பவர் நட்ட விதையிலிருந்துதான் உலகச் சந்தையையே பிடித்த ஹாஸ் ரகம் வந்தது. அவர் ஒரு தபால்காரர். இது தெரிந்த நாளிலிருந்து மாமாவைப் பிடிக்க முடியவில்லை. "அவன் வெறும் போஸ்ட்மேன். நான் போஸ்ட்மாஸ்டர்" என்பார்.

அந்தக் கதையில் மாமா விழுங்கிவிடும் பாதி ஒன்று உண்டு. 1935ல் காப்புரிமை வாங்கிய அந்த மரத்தின் பழத்து விதையைப் போட்டு யாரும் ஹாஸ் தோப்பு வளர்க்கவில்லை. விதைக் கன்று தாய் மாதிரியே காய்க்கும் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லாம் ஒட்டுக் கன்றுகள்தான், 2002ல் பட்டுப்போன அந்த ஒரே மரத்தின் வழி வந்தவை. விதையில் முளைத்தது காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். இங்கே அது விரும்பும் இடம் தாண்டிக்குடி, தடியன்குடிசை மாதிரியான கொடைக்கானல் கீழ்மலைகள். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும். கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட உயரமில்லாத திருச்சியில், மலைக்கோட்டைப் பாறையே தகிக்கிற கத்திரி வெயிலில், அது என்ன பாடுபடும்?

என்ன பாடு என்று எங்களுக்குத் தெரியும். நாலு இலை விட்டதும் மாமாவுக்கு ஆசை தீர்ந்துவிடும். கன்று தயிர் டப்பாவில் ஏறி நம் வீட்டுக்கு வந்துவிடும். கிரகப்பிரவேசமா, சீமந்தமா, அன்பளிப்பு அதுதான். சித்திரையில் இலை ஓரம் கருகும், போர் தண்ணீரின் உப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அப்புறம் விசாரணை. "தண்ணி விட்டேளா?" விட்டோம் என்றால், "ஜாஸ்தி விட்டிருப்பேள், வேர் அழுகியிருக்கும்." விடவில்லை என்றால் அவர் பேசவே மாட்டார். அது இன்னும் மோசம்.

மாமியிடம் கேட்டால் பெருமூச்சு விடுவார். அந்த வீட்டில் விருந்தாளிக்குக் கொடுக்க ஒரு கண்ணாடி டம்ளர் மிச்சமில்லை. ஆனாலும் விடிகாலையில் மாமா தன் காபிக்கு முன்னால் ஒவ்வொரு டம்ளருக்கும் தண்ணீர் மாற்றுவதைப் பார்த்தால் நமக்கே மனசு கொஞ்சம் இளகும். டார்ச்சை எடுக்கிறவரைக்கும்.

எனக்குப் பொறுக்காதது வேறொன்று. இவ்வளவு கொடுத்த மனிதர் தன் கொல்லையில் ஒரு கன்றுகூட நட்டதில்லை. அங்கே நிற்பது பூவன் வாழை. வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊர் இது. கிணற்றடித் தண்ணீரைக் குடித்து, ஏறக்குறைய ஒரு வருஷத்தில் தார் தள்ளி, பக்கக் கன்றும் விட்டுவிடும். அதைப் பார்க்க மாமா ஒருவரையும் கூப்பிட்டதில்லை. கேட்டால், "அது தானா வரதே, அதுல என்ன இருக்கு?" என்கிறார்.

மெயின்கார்டு கேட், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜூஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். துணிப்பையோடு ஒரு பெரியவர் வந்து, பட்டர் ஃப்ரூட் ஜூஸ் வேண்டாம், விதை மட்டும் போதும் என்று கேட்டால், தயவுசெய்து இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஜூஸுக்கான காசை எங்கள் தெருவில் வசூல் பண்ணித் தருகிறோம்.