சொல்லிப்போட்டு என்ன செய்தார்?

எங்கள் கல்முனைக் கரையில் இன்று படிக்கிற பிள்ளைக்குப் பெரியோர் வாக்குக்குப் பஞ்சமில்லை. விடிந்தால் கைப்பேசியில் பத்து வந்து நிற்கிறது. ரியூட்டரி மதிலிலும் கொப்பி அட்டையிலும் ஓட்டோவின் பின்கண்ணாடியிலும்கூட வாக்குகள்தான். நான் படித்த எழுபதுகளில் எங்களுக்குக் கிடைத்தது வாரத்துக்கு ஒன்று. திங்கட்கிழமை காலைக்கூட்டம் முடிந்ததும் தமிழ் படிப்பித்த சேர் கரும்பலகையின் மேல் ஓரத்தில் வெண்கட்டியால் ஒரு வாக்கை எழுதுவார். கிழமை முடியும்வரை அதை யாரும் அழிக்கக் கூடாது.

எழுதியதோடு அவர் விடமாட்டார். ஆர் சொன்னது, எப்ப சொன்னது என்று கேட்பார். கடைசியாக, "சொல்லிப்போட்டு அவர் என்ன செய்தார்?" என்பார். முதல் இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிள்ளைகள் இருந்தோம். மூன்றாவதற்கு வகுப்பே வாயடைத்துப் போகும். அந்த மௌனத்துக்குப் பிறகு அவர் சொன்ன கதைகள்தான் என்னைப் படிக்க வைத்தன.

1973 நவம்பர் 24இல் ஏ. எம். ஏ. அஸீஸ் காலமானார். அடுத்த கிழமை சேர் கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. அஸீஸின் கதையை மட்டும் சொன்னார்.

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர் அவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் ஆனார். 1942இல் யப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி வருவது நின்றுபோனது. நாட்டுக்குச் சோறு வேண்டும் என்று அரசாங்கம் அவரைக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பியது. காடு வெட்டி வயலாக்கும் வேலை அது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று பசியாறிய அந்த நாள்களை என் மூத்தாப்பாவும் சொல்வார். புதிதாக வெட்டிய வட்டையில் முதல் போகம் விளைந்ததைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும்.

வந்த வேலை நெல். அதோடு நின்றிருந்தால் அஸீஸை எங்கள் ஊர் ஒரு நல்ல துரையாக மட்டும் நினைத்திருக்கும். அவர் நெல்லுக்கு அப்பாலும் பார்த்தார். மண் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, உழைக்கிற கை இருக்கிறது. படித்தவர்களை மட்டும் விரல் விட்டு எண்ணலாம். அந்த ஆண்டே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானதற்கு வித்து இங்கே போட்டதுதான். 1948இல் சிவில் சேவையையே உதறிவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அரசாங்கத்தில் அவருக்கு முன்னால் கிடந்த ஏணி எவ்வளவு உயரம் என்று அந்தக் காலத்து மனிதருக்குத்தான் தெரியும்.

இந்தக் கதையில் நான் உயிராக நினைக்கிற பகுதி இன்னொன்று. கல்முனையில் இருந்த நாள்களில் அஸீஸ் நெருங்கிப் பழகியவர் சுவாமி விபுலாநந்தர். சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் தாண்டினால் வருகிற காரைதீவில் 1892இல் மயில்வாகனனாகப் பிறந்தவர். கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர். விவேகானந்தர் 1897 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து பேசியபோது மயில்வாகனனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. அந்தப் பேச்சை அவர் கேட்டிருக்க முடியாது. பின்னாளில் விவேகானந்தரின் நூல்களைத் தமிழாக்கினார், ராமகிருஷ்ண மிஷனில் துறவியானார். துறவியானவர் மலையடிவாரம் தேடிப் போகவில்லை. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பள்ளிக்கூடங்களை நடத்தினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர்தான். நோயும் தளர்ச்சியும் வந்த வயதில் இசை ஆய்வான யாழ்நூலை முடித்து, அது அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே கண்மூடினார்.

கல்கத்தாவில் பிறந்த ஒருவரின் சொல் காரைதீவுப் பிள்ளையைத் துறவியாக்கியது. அந்தத் துறவியின் நட்பு, இக்பாலின் கவிதையில் தோய்ந்த ஒரு முஸ்லிம் அதிகாரிக்குத் துணையாக நின்றது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கல்முனைக்கும் காரைதீவுக்கும் நடுவே ஓடிய இரத்தத்தைப் பார்த்த தலைமுறை நாங்கள். 1942இல் இப்படியும் இருந்தது என்று தெரிந்திருந்ததால்தான் மனம் முழுதாகக் கசந்துபோகாமல் தப்பினேன்.

என் படிப்பும் அறுந்துபோக இருந்தது. பெரிய பிள்ளையானதும் வீட்டோடு நிறுத்துவது அன்று ஊர் வழக்கம். சேர் வீட்டுக்கு வந்தார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்றா.

"பெரிய புள்ளயாகிட்டாள் சேர், இனி எப்புடி அனுப்புற?" என்றார் வாப்பா.

சேர் புத்திமதி சொல்லவில்லை. "காக்கா, கண்டியில சித்திலெப்பை எண்டு ஒரு சட்டத்தரணி இருந்தார், தெரியுமா?" என்று கேட்டார். 1838இல் பிறந்தவர், 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர், 'அசன்பே சரித்திரம்' எழுதியவர் என்று விரித்தார். "பொம்புளப் புள்ளைக்கும் படிப்பு வேணும் எண்டு எழுதினார். எழுதிப்போட்டு என்ன செய்தார்? கண்டியிலயே பொம்புளப் புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அது நடந்து எண்பது வருசம் காக்கா. நாம இன்னும் யோசிச்சிக்கிட்டிருக்கம்."

வாப்பா அதிகம் படிக்காதவர். ஆனால் கணக்குத் தெரிந்தவர். எண்பது வருசம் என்பது அவரைச் சுட்டது. அடுத்த கிழமை நான் வகுப்பில் இருந்தேன். பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நானும் வெண்கட்டி பிடித்தேன்.

அந்த நாளில் வாக்குகளை எழுதி வைக்க ஒரு கொப்பி வைத்திருந்தேன். ஆசிரியையான பிறகும் அதில் எழுதி வந்தேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து எங்கள் வீட்டைச் சுருட்டிய அன்று அதுவும் போனது. அந்த ஒரு நாளில் இந்தக் கரை பறிகொடுத்த உயிர்களுக்கு முன்னால் கொப்பியைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. பல மாதம் கழித்து, தற்காலிகக் கொட்டிலில் இருந்துகொண்டு நினைவிலிருந்ததை எழுதப் பார்த்தேன். அழகான வசனங்கள் எத்தனையோ வந்து சேரவேயில்லை. அஸீஸ் வந்தார், விபுலாநந்தர் வந்தார், சித்திலெப்பை வந்தார். சேர் கதை சொல்லி விளக்கியவர்களின் வாக்குகள் மட்டும் ஒன்றும் குறையாமல் வந்தன. கொட்டிலில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்பிக்கத் தொடங்கியதும் அந்த நாள்களில்தான்.

தம்பியின் மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். போன மாதம் அப்துல் கலாமின் படத்தோடு ஒரு வாசகத்தைக் காட்டினாள். "ஆர் சொன்னது, மருமகள்?" என்று கேட்டேன். "கலாம் மாமி." "எங்க, எப்ப?" தெரியவில்லை. கலாம் சொல்லாத எத்தனையோ வசனங்கள் அவர் படத்துக்குக் கீழே உலவுகின்றன. அது அவளுடைய குற்றமில்லை. வாக்கைத் தேடுகிற தாகம் அவளுக்கு உண்மையானது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஒரு பிள்ளை இப்படி ஒரு வரியைப் பிடித்துக்கொள்வதை நான் ஒருபோதும் இளக்காரமாகப் பார்க்கமாட்டேன்.

அவளுக்குக் கலாமின் கதையைச் சொன்னேன். நம் கடலுக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்தவர். யுத்த காலத்தில் ரயில் அங்கே நிற்காமல் போனபோது, ஓடும் வண்டியிலிருந்து எறிந்த பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி விற்ற சிறுவன். அஸீஸ் கல்முனையில் காடு வெட்டுவித்த அதே யுத்தம்தான் அது. அவள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், "நம்மட ஊர் ஆக்கள்ள வேற ஆர் மாமி இருக்காங்க?" என்றாள்.

இருக்கிறார்கள். ஒவ்வொரு செப்டெம்பரிலும் அரசியல் தலைவர் எம். எச். எம். அஷ்ரப்பின் படமும் வாசகமும் எங்கள் தெருக்களை நிறைக்கின்றன. 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் போனார். அவருடைய அரசியலை ஏற்பவரும் மறுப்பவரும் எங்கள் வீட்டுக்குள்ளேயே உண்டு. என் மருமகளுக்கு நான் காட்ட விரும்புவது சுவரொட்டியை அல்ல. ஒலுவிலில் அவர் முயற்சியால் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைக் காட்ட விரும்புகிறேன். காலையில் அந்தப் பக்கம் பஸ் ஏறும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்ற என் உம்மாவை நினைத்துக்கொள்கிறேன்.

அன்று வாக்கு அரிதாக வந்தது, அதோடு ஒரு மனிதரும் வந்தார். இன்று வாக்கு கடல்போல் வருகிறது, மனிதர் வரவில்லை. அந்த மனிதரைக் கூட்டி வருவது மூத்தவர்களான நம் வேலை. கல்முனையில், சாய்ந்தமருதில், மருதமுனையில், நிந்தவூரில், காரைதீவில் இதை வாசிக்கிற ஆசிரியர்களிடமும் தாய்மாரிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளை ஒரு வாக்கைக் காட்டினால், "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் இருத்தி, சொன்னவர் என்ன செய்தார் என்று சேர்ந்து தேடுங்கள். காரைதீவுப் பிள்ளைக்கு அஸீஸையும் கல்முனைப் பிள்ளைக்கு விபுலாநந்தரையும் சொல்லிக் கொடுங்கள். இந்த வருடமே தொடங்குங்கள்.