மீனுக்குத்தான் கால் இல்லை, மாப்ளே!

வாங்க மாப்ளே, உட்காருங்க. அந்த மேஜை மேல மட்டும் சாயாதீங்க. நாளையிலருந்து அரை டன் சுமக்கப்போற மேஜை, இன்னிக்கு ஒரு நாளாவது ஓய்வா இருந்துட்டுப் போகட்டும்.

கொளத்தூருக்குப் போய்க் கண்ணாடித் தொட்டி வாங்கியாந்தீங்கன்னு பேத்தி சொன்னா. நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ரெண்டடி உயரம். கூடவே அரோவானாக் குஞ்சு ஒண்ணு. வாஸ்துவுக்கு ரொம்ப நல்லதுன்னு கடைக்காரர் சொன்னாராம். நல்லதுதான், அவருக்கு. மீன் இவ்வளவு, லைட்டு இவ்வளவு, காத்து ஊதுற மோட்டாரு இவ்வளவுன்னு எல்லாத்துக்கும் துண்டுச்சீட்டுல கணக்கு வச்சிருக்கீங்க. இத்தனையும் எது மேல நிக்கும்னு கேட்டா, "பழைய கம்ப்யூட்டர் மேஜை சும்மாத்தானே கெடக்குது தாத்தா"ன்றீங்க. இந்தச் சிக்கனம் எங்க பரம்பரைக்கே வராது.

நான் எட்டாங்கிளாஸ். நீங்க ஒரகடத்துல காருக்கே கணக்குப் போடுறவரு. நான் போடுறேன், தப்பிருந்தா திருத்துங்க. நாலு, ஒன்றரை, ரெண்டு, பெருக்கினா 12 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குச் சொச்சம் மேல தண்ணி பிடிக்கும். ஆகமொத்தம் 340 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ, இதுல பேரமே கிடையாது. 10 எம்.எம். கண்ணாடின்னா வெறும் தொட்டியே 65 கிலோ பக்கம் வரும். அடியில மணல், கூழாங்கல்லு, மீன் ஒளிஞ்சு விளையாட ஒரு பாறை. அரை டன்னைத் தொட்டுடும் மாப்ளே. பத்து மூட்டை சிமெண்டை அந்த மேஜை மேல அடுக்கி வச்சுட்டு, பக்கத்துல பாய் போட்டுப் படுப்பீங்களா? மீனை வச்சுட்டு மட்டும் படுக்கத் தயாரா இருக்கீங்க.

அந்த மேஜையும் மரமா இன்னா? மரத்தூளைப் பசையில பிசைஞ்சு அமுக்கின பலகை. மேல மட்டும் தேக்கு மாதிரி காகிதம் ஒட்டியிருக்கான். ஓரத்துல ஒரு சொட்டுத் தண்ணி இறங்கினா உப்பும், உப்பினது உதிரும். தொட்டிக்குத் தண்ணி மாத்துறப்ப டியூபுல இருந்து சொட்டாமலா இருக்கும்?

இதைச் சொன்னா உங்களுக்கு உடனே பக்தி வந்துடுது. "மரத்துல செஞ்ச அத்தி வரதரே 40 வருஷம் தண்ணிக்குள்ள இருக்காரே தாத்தா, மரத்துக்கு இன்னா ஆயிடும்?"னு கேக்குறீங்க. நல்ல கேள்வி. 1979-லயும் சேவிச்சேன், 2019-லயும் சேவிச்சேன். அந்த வருஷம் ஜூலை 1-லருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள், ஊரு கொள்ளாத கூட்டம். முதல்ல சயனக் கோலம், ஆகஸ்ட் பொறந்ததும் நின்ற கோலம். 2059-ல எனக்கும் சேர்த்து நீங்க பார்த்துக்குங்க. பெருமாள் மகிமை ஒரு பக்கம் இருக்கட்டும், மரத்துக்குன்னு ஒரு குணம் இருக்குது. முழுசாத் தண்ணிக்குள்ள கெடந்தா காத்து படாது. காத்து இல்லாத எடத்துல மரத்தை அரிக்கிற பூஞ்சை பிழைக்காது. நனைஞ்சு காய்ஞ்சு, நனைஞ்சு காய்ஞ்சு கெடக்குற மரம்தான் உளுத்துப்போகும். அத்தி வரதரு இருக்கிறது வரதராஜர் கோயில் அனந்தசரஸ் குளத்துக்கு உள்ள. அந்த மேஜைக்குப் பதிலா நீங்க மரத்துல செய்யப்போற ஸ்டாண்டு இருக்கப்போறது தண்ணிக்கு வெளிய, சொட்டுக்குக் கீழ. அதனால சாமியோட போட்டி வேணாம். மரத்தை அறுத்ததும் முதல்ல அறுத்த முனைக்கு வார்னிஷ் அடிங்க. மரம் தண்ணி குடிக்கிற வாய் அதுதான். ஊரெல்லாம் பலகையோட முகத்துக்கு மூணு கோட்டு அடிச்சுட்டு முனையை மறந்துடுது.

சரி, எந்த எடத்துல வைக்கப்போறீங்க? கூடத்து நடுவுல, வந்தவங்க கண்ணுல படுற மாதிரி. அற்புதமான எடம். அங்க இன்னா இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க கல்யாணம் கட்டி வர்றதுக்கு முந்தி. பிள்ளையார்பாளையத்துல பாதி வீட்டுல இருந்த மாதிரி இங்கயும் குழித்தறி இருந்துது. இந்த ரெண்டு காலையும் அந்தக் குழிக்குள்ள விட்டு மிதி மிதிச்சுத்தான் உங்க மாமனாரைப் படிக்க வச்சேன். படிச்சு முடிச்சதும் அவரு செஞ்ச முதல் வேலை, தறியைப் பிரிச்சுட்டுக் குழியை ரொப்பினது. மேல வழவழன்னு டைல்ஸ். மண்ணைக் கொட்டினப்ப அடுக்கடுக்காத் தண்ணி விட்டு இடிச்சாரான்னு நான் கேக்கலை. பெத்த பிள்ளையை எதுக்குச் சங்கடப்படுத்தணும்? ஆனா குழி விளிம்பு எங்க ஓடுதுன்னு எனக்கு இன்னும் தெரியும். நீங்க சாக்பீஸ்ல கோடு போட்ட எடத்துல ஸ்டாண்டோட ரெண்டு காலு கெட்டித் தரையில நிக்கும், ரெண்டு காலு ரொப்பின மண்ணு மேல நிக்கும். மண்ணு ஒரு நூல் இறங்கினாப் போதும், ஸ்டாண்டு முறுக்கும். மரம் முறுக்கினா பொறுத்துக்கும், கண்ணாடி பொறுக்காது. அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் விரியும், அதோட ஜாதகம் அப்படி.

மாடியில வைக்கலாம்னு பேத்தி சொல்றா. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோன்னு கணக்கு வச்சுத்தான் எஞ்சினியருங்க வரையுறாங்க. உங்க தொட்டி அரைச் சதுர மீட்டர்ல அரை டன்னைக் கொண்டுபோய் வைக்குது. சுவரோரமா, பீம் மேல வச்சா ஒருவேளை தாங்கும். அதை வரைஞ்ச எஞ்சினியரே வந்து சொல்லட்டும், நான் சொல்லமாட்டேன். கீழயே, வடக்குச் சுவரோரம் வையுங்க. அங்க பூர்வீகத் தரை.

இப்ப ஸ்டாண்டுக்கு வருவோம். வரதராஜர் கோயில் நூத்துக்கால் மண்டபத்துக்குப் போயிருப்பீங்களே? போனவங்க எல்லாரும் அண்ணாந்து பார்க்குறது மூலையில தொங்குற கல்சங்கிலியை. ஒரே கல்லுல செதுக்கினதுன்னு வாய் பிளக்குறாங்க. அந்தச் சங்கிலி எதையும் தாங்கலை மாப்ளே, அது சும்மா தொங்குது. கூரையைத் தாங்குறது தூணு. தூணு மேல போதிகை, போதிகை மேல உத்திரம், உத்திரம் மேல கல்பாவு. ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்திருக்குது, விஜயநகர ராஜாங்க காலத்துலருந்து. மறுபடி போனா சங்கிலியை விட்டுட்டு, தூணும் உத்திரமும் சேர்ற எடத்தைக் கொஞ்ச நேரம் பாருங்க. உங்க ஸ்டாண்டோட வரைபடம் அங்கயே இருக்குது.

கடையில விக்கிற ஸ்டாண்டுல மேல்சட்டத்தைக் காலோட பக்கவாட்டுல வச்சு ரெண்டு ஸ்க்ரூவை முறுக்கிடறான். அரை டன்னும் அந்த ஸ்க்ரூவுல தொங்கும். நீங்க அப்படிப் பண்ணாதீங்க. மேல்சட்டம் காலோட தலை மேல உட்காரணும். காலுல கழுந்து, சட்டத்துல துளை, கொட்டாப்புளியால தட்டி இறக்கினா அசையாது. கழுந்து எடுக்க ஆளு கிடைக்கலைன்னா காலுல பாதிக்குப் படி வெட்டி, அந்தப் படி மேல சட்டத்தை வையுங்க. ஸ்க்ரூ விலகாம பிடிச்சுக்கட்டும், பாரம் மரம் மேல மரமா இறங்கட்டும். நாலுக்கு ரெண்டு சட்டத்தைப் படுக்கப் போடாதீங்க, நிமிர்த்திப் போடுங்க. அதே மரம், அதே காசு, நிமிர்த்தி வச்சா நாலு பங்கு விறைப்பு. காலு மூணுக்கு மூணு போதும். நெட்டுக்குத்தா நிக்கிற மரம் பாரத்துக்குப் பயப்படாது, ஆட்டத்துக்குத்தான் பயப்படும். அதனால பின்பக்கம் முழுசா 12 எம்.எம். மெரைன் பிளைவுட் அடிச்சுடுங்க. பின்னாடி யாரு பார்க்கப்போறாங்கன்னு விட்டீங்கன்னா, உங்க பையன் பந்தோட வந்து மோதுற அன்னிக்கு எல்லாரும் பார்ப்பாங்க.

தேக்கு வேணாம், சம்பளம் பத்தாது. வேங்கை நல்லா தாங்கும். மரம் காய்ஞ்சுதா இருக்கணும். பச்சை மரத்தைத் தலையில கட்டினான்னா, அது காயுறப்ப ஸ்டாண்டையும் சேர்த்துத் திருகிடும். வெளுப்பு விழுந்த சட்டத்தை எடுத்துப் போடச் சொல்லுங்க, புழு அங்கதான் முதல்ல கை வைக்கும்.

கூட்டினதும் கோணல் பார்க்கணும். உங்க போன்ல அதுக்கும் ஏதோ ஒண்ணு இருக்குமே. என்கிட்ட ஒரு நீள நூல் இருக்குது. மேல்சட்டத்துல இந்த மூலையிலருந்து அந்த மூலைக்கு இழுத்துப் பிடிச்சு, விரல்ல அடையாளம் வச்சுக்கிட்டு, மத்த ரெண்டு மூலைக்கும் இழுங்க. நூல் மிஞ்சினாலும் பத்தலைன்னாலும் கோணல். தறி கூட்டுறப்ப இப்படித்தான் பார்ப்போம். தறி கோணினா சேலை கோணும், கோணின சேலைக்கு முதலாளி கூலியில பிடிப்பாரு. அப்புறம் மட்டம். ஸ்டாண்டு மேல ஒரு தெர்மோகோல், அது மேல தொட்டி, அதுல நாலு விரல் தண்ணி. கண்ணாடியில தண்ணிக்கோடு ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல நிக்குதான்னு பாருங்க. இல்லைன்னா தண்ணியை எடுத்துட்டு, காலுக்கு அடியில ஆப்பு கொடுங்க. தொட்டிக்கு அடியில அட்டையைச் சொருகுற வேலை வேணாம். முழுசா ரொப்பினப்புறம் ஒரு நாள் சும்மா விடுங்க. மீனுக்கு ஒண்ணும் அவசரமில்லை, உங்களுக்குத்தான்.

மீன்னதும் ஞாபகம் வருது. அரோவானா ரெண்டடிக்கு மேல வளருமாமே? தொட்டி அகலம் ஒன்றரையடி. அது திரும்பணும்னா ரிவர்ஸ் கியர் போட்டுத்தான் வரணும். ரெண்டு வருஷத்துல ஆறடித் தொட்டி கேப்பீங்க, எழுதி வச்சுக்குங்க. அதனால ஸ்டாண்டை இப்பவே ஆறடிக்குச் செஞ்சுடுங்க, நடுவுலயும் ரெண்டு காலு கொடுத்து.

ஞாயித்துக்கிழமை காலையில மரக்கடைக்குப் போவோம். உங்க மாமனாரைக் கூப்பிடாதீங்க, சொன்ன விலையைக் கொடுத்துட்டு வந்துடுவாரு. சட்டம் எழுதுறப்ப ஒரு பத்தடி கூடுதலாவே எழுதுங்க. அறுக்குறப்ப சேதாரம் ஆகும்ல. ஆகலைன்னா, திண்ணையில எனக்கு உட்கார ஒரு முக்காலி ஆகும். அதுக்கும் கழுந்து வச்சே செய்யச் சொல்லுங்க.