மூக்கில் பட்டாணி: முதல் பருவம்

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு விபத்து என்று ஒன்று கிடையாது, எல்லாம் பாடம்தான். ஆறு வயதுக்காரன் மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டால் அது உயிரியல். தங்கை எவர்சில்வர் குடத்துக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டால் வடிவியல். 101-க்கு அடித்து, தீயணைப்பு வீரர்கள் வந்து குடத்தை வெட்டி எடுத்தால் கல்விச் சுற்றுலா. வேன் கட்டணம் மிச்சம்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கியது; வீட்டுக்கல்வி பற்றி வாயே திறக்கவில்லை. அந்தக் குறையைப் பக்கத்து வீட்டு மாமி தீர்த்துவைப்பார்: "இன்னிக்கும் லீவாடா கண்ணா?" பத்தாம் வகுப்பைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதலாம் என்று அப்பா விளக்கி முடிப்பதற்குள், பையனிடம் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டிருப்பார். பள்ளிக்குப் போகும் சொந்தப் பேரனிடம் அதைக் கேட்கும் துணிச்சல் அவருக்கு வந்ததில்லை.

சிக்கல் பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில்தான். பையன் ஏன் பீரோ மேலிருந்து குதித்தான் என்று ஆசிரியை விசாரிக்கிறார். "டீச்சர் சரியில்லை" என்கிறார் அப்பா. ஆசிரியையும் அம்மாவும் ஒருவரே என்பதால், அன்று மதிய உணவுத் திட்டம் காலவரையின்றி நிறுத்தம்.