நூறு சிசி நூல்: ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

பெரிய வண்டிகளைப் பற்றி எழுதுவோர் பெருகிவிட்ட இக்காலத்தும், நூறு சிசி வண்டியையும் அதைப் புதிதாக லைசென்ஸ் எடுத்து ஓட்டுவானையும் ஒருசேர ஆராய்ந்தார் இலர். அக்குறை போக்க எழுந்தது இந்நூல். ஆய்வுக் களம், காரைக்காலுக்குத் தெற்கும் நாகூருக்கு வடக்குமாகிய திருமலைராயன்பட்டினம். ஆய்வு வினா ஒன்றே: வண்டி யாருக்குச் சொந்தம்?

1. பொறியியல்

1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100-க்கும் 1994-இல் வந்த ஸ்ப்ளெண்டருக்கும் எஞ்சின் அளவு ஒன்றே. சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5 மி.மீ. கணக்குப் போட்டால் 97.2 சிசி. டீக்கடைக் கிளாஸ் ஒன்றை நிரப்பக் காணாது. நூறு என்பது ஊரார் கொடுத்த மரியாதை.

இதனால் பெறப்படும் விதியாவது: சிசி குறையக் குறைய, வண்டிமேல் பிறருக்குள்ள உரிமை கூடும். என்னை? புல்லட்டை இரவல் கேட்க எவருக்கும் நாக்குக் கூசும். நூறு சிசியைக் கேட்கக் கூசாது. 'சின்ன வண்டிதானே' என்பதே அவர் காட்டும் சட்டம்.

2. உரிமவியல்

எல்.எல்.ஆர். பெற்று முப்பது நாள் கழிந்தாலன்றித் தேர்வு இல்லை. அந்நாளில் வண்டியில் சிவப்பு எழுத்தில் 'எல்' ஒட்டுவதும், சொல்லிக் கொடுப்பவரைத் தவிர வேறொருவரைப் பின்னால் ஏற்றாமையும் விதி. இதனைத் தடை என்பர் ஒருசாரார். அது பொருந்தாது, அதுவே அவனுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு. "எல்.எல்.ஆர்.தான் இருக்கு அத்தை" என்ற ஒரு சொல்லில் எல்லா ஏவலும் அடங்கும்.

காரைக்காலில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே அப்பாதுகாப்புப் போயிற்று. "தம்பி, சும்மாதானே இருக்கே? ஒரு எட்டு நாகூர் போயிட்டு வந்துடேன்." லைசென்ஸாவது ஓட்டும் உரிமை அன்று; மறுக்கும் உரிமையின் முடிவு என்க.

3. நிலவியல்

கவி காளமேகம் வசைபாட, இவ்வூரில் மண்மாரி பெய்தது என்பது வழிவழி வரும் கதை. அது பொய் என்பார், கடற்கரைச் சாலை வளைவில் ஒருமுறை வண்டி திருப்பிப் பார்க்க. அவ்விடத்து முன் பிரேக்கை அழுத்தினவன் மண்ணைக் காண்பான், மிக அருகில். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையான புது வண்டிகளில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரமும் சேர்ந்து பிடிபட வேண்டும் என்று விதி வந்தது. ஆயினும் மணல் அவ்விதியைப் படித்ததில்லை.

உப்புக் காற்றோ சைலன்சரில் தொடங்கி, ஸ்போக்ஸ் கம்பி வழியாகச் செயின்வரை நடக்கும். இரவல் வாங்கினவர் யாரும் துருவைத் துடைத்ததாகச் சான்று இல்லை.

4. எல்லையியல்

1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர் காரைக்கால் ஆட்சியை ஒப்படைத்தனர். எல்லைக்கோடு மட்டும் அப்படியே கிடக்கிறது. வரி குறைவாதலின் இப்பக்கம் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட மலிவு. ஆகவே டி.என். 51 எண் தாங்கி வரும் நாகப்பட்டினத்துச் சித்தப்பாவின் வண்டி, எக்காலத்தும் ரிசர்வில்தான் வாசலுக்கு வந்து நிற்கும். அவர் காபி ஆற்றும் நேரத்தில் அதைப் பங்க்குக்கு ஓட்டிச் சென்று நிரப்பி வருவது, காரைக்காலின் பி.ஒய். 02 எண் வண்டி வைத்திருப்பவன் கடன். காசு? "வந்து தர்றேன்டா."

5. சுமையியல்

ஓட்டுபவனைத் தவிர ஒருவரையே ஏற்றலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. மாசி மகத்தன்று அப்பிரிவுக்கு ஊரில் ஓய்வு. திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் இக்கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். மீனவ மக்கள் அவரை மாப்பிள்ளை என்று எதிர்கொள்வர். மாப்பிள்ளைக்குப் பல்லக்குத் தூக்க ஆள் உண்டு. பஸ்ஸில் வந்திறங்கும் மாமிக்கும் அவர் பேத்திக்கும் தாம்பூலப் பைக்கும் நம் புது ஓட்டுநனே ஆள். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்து அணையும். மாமி தோளைப் பிடித்தபடி, "மெதுவா விடுப்பா, அவசரமில்லை" என்பார். அடுத்த முறை கைப்பிடி பாதி விலகியதும் அவன் நிறுத்தி, எஞ்சின் முனகலைக் கேட்டு, மீதியை விடுவான். வண்டி நகரும்.

முடிபு

ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உடையானுக்கு உரியன மூன்று: தவணை, இன்சூரன்ஸ், துரு. ஏனைய எல்லாம் ஊருக்கு.

அற்றேல், அவன் பெற்ற பயன் யாதோ எனின், கூறுதும். காலி மைதானத்தில் தனியே எட்டுப் போட்டவனுக்கு லைசென்ஸ் வரும், ஓட்ட வராது. ஏறும் ஒவ்வொரு மாமியின் எடைக்கும் ஏற்பக் கிளட்ச், பிரேக், வளைவு மூன்றையும் கை தானே திருத்திக்கொள்ளும்போது வருவதே ஓட்டம். அதனைக் காசு வாங்காமல் கற்பித்தோர் இரவல் கேட்டவரே. ஆகலின் அவரை வைதல் தகாது.

இரண்டாம் சாவி இருக்குமிடத்தை மட்டும் ஒருவர்க்கும் உரையற்க.